பட்டை அறுந்த காலம்

பிளாஸ்டிக் அழியவே அழியாது என்று யாராவது என் எதிரில் சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும், கூடவே கொஞ்சம் கோபமும் வரும். தூக்கிப் போட்ட பாட்டில் நம் ஆயுசுக்கும் கண்ணெதிரே கிடக்கும் என்பது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதே பாட்டில் பிளாஸ்டிக் ஒரு காலை நேரத்துக்குள் கிழடுதட்டி, விரலால் வளைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு நிற்காமல் அது ஏன் என்றும் கண்டுபிடித்தேன். இந்தக் கதையை நான் எடுத்தாலே என் கணவர் "ஆரம்பிச்சுட்டா" என்று எழுந்து போய்விடுவார். போகட்டும். பெருமைப்பட வேண்டியதற்குப் பெருமைப்படத்தான் வேண்டும்.

பள்ளிபாளையத்தில் காவிரிக்கரைப் பக்கம் எங்கள் வீடு. வீட்டை ஒட்டி நீளமாக ஒரு பட்டறை. அதில் ஓடுவது பட்டை இழுக்கும் மிஷின். டைல்ஸ் பெட்டி, துணி பேல், செங்கல் அடுக்கு இவற்றின் மேல் பச்சை நிறத்தில் இறுக்கிக் கட்டியிருக்கும் பட்டையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கத்திரி இல்லாமல் பிரிக்கப் பார்த்து நகத்தை உடைத்துக்கொண்டும் இருப்பீர்கள். அது பாலியஸ்டர். தண்ணீர் பாட்டிலும், பாலியஸ்டர் சேலையும், இந்தப் பட்டையும் ஒரே சரக்குதான். பாட்டிலுக்கு ஊதுகிறார்கள், சேலைக்கு நூலாக இழுக்கிறார்கள், நாங்கள் பட்டையாக இழுக்கிறோம். பழைய பாட்டில்களை அரைத்துக் கழுவிய சில்லு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அதை டிரையரில் காய வைத்து, மிஷினில் உருக்கி, தட்டையாக வெளியே விட்டு, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குளிர வைத்து, மறுபடியும் சூடு காட்டி இழுத்து நீட்டினால் பட்டை தயார். சொல்வதற்கு இவ்வளவுதான். செய்து பார்த்தால்தான் தெரியும்.

அதற்கு முன்னால் அதே பட்டறையில் விசைத்தறி ஓடியது. என் பிறந்த வீடு குமாரபாளையம், அங்கேயும் தறிதான். தறிச் சத்தத்தில் பிறந்து தறிச் சத்தத்துக்கே வாழ்க்கைப்பட்டவள் நான். அந்தத் தறிகளை விற்றுவிடலாம் என்று முதலில் வாயைத் திறந்தவளும் நானேதான். தறியின் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. நாள் முழுக்கத் தடதடவென்று ஓட்டிய பிறகும் அடுத்தவர் நூலுக்குக் கூலி வாங்குகிறவர்களாகவே இருந்தோம், அது எனக்குப் பிடிக்கவில்லை. நம் சரக்கு, நம் விலை என்று ஒரு நாளாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. கணவரைச் சம்மதிக்க வைக்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. கடைசியில், நச்சரிப்புத் தாங்க முடியாமல்தான் தலையாட்டினார் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார்.

சொந்தபந்தம் சும்மா இருக்குமா? ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் என் எதிர் வரிசையில் உட்கார்ந்துகொண்டே ஒரு அம்மாள் பக்கத்து இலைக்காரியிடம் சொன்னாள். "தறிய வித்துப்போட்டு இனி பாட்டில் பொறுக்கப் போறாங்களாமா."

எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னாள். நானும் அவளுக்குக் கேட்கிற மாதிரியே பதில் சொன்னேன்.

"ஆமாங்க. நீங்க குடிச்சுப்போட்டு வீசுங்க, நாங்க பொழச்சுக்கறோம்."

வாய்க்கு வாய் பதில் சொல்லிவிட்டேனே தவிர, இலையில் இருந்த பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். இந்த மிஷின் ஓடாமல் போனால் அது முழுக்க என் தலையில் விழும் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்தது.

என் மாமனார், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், இதில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் ஆயுசு முழுக்கத் தறியில் நின்றவர். பேசாதவரின் கோபம்தான் வீட்டில் பெரிய கோபம். தறிகளை லாரியில் ஏற்றிய அன்று முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பிப் போனார். மத்தியானச் சோற்றுக்குத்தான் திரும்பினார், முடி அப்படியே இருந்தது. மிஷின் வந்த பிறகு அதை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "அந்தக் கெரகம் ஓடுதா?" என்பார். ஓடுகிறது என்றால் "ம்" என்பார். அவருக்கு மிஷினைக் கண்டால் ஆகாது என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

முதல் கோடை நன்றாகவே போயிற்று. இழுத்த பட்டையெல்லாம் நாட்டு மாட்டு நரம்பு மாதிரி இருந்தது. சேலத்துக்கு வெளியே, மலைப் பாதை தொடங்கும் இடத்தில் இருக்கிற கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு டைல்ஸ் கடைக்காரர் எங்களிடம் வாங்க ஆரம்பித்தார். மலை மேல் வீடு கட்டுகிறவர்களுக்கு அவர் கடையிலிருந்துதான் டைல்ஸ் ஏறும். பெட்டிகளைப் பலகை மேல் அடுக்கி எங்கள் பட்டையால் கட்டி லாரியில் ஏற்றுவார்கள். நாங்கள் இழுப்பதில் பாதிக்கு மேல் அவருக்கே போயிற்று. அவர் வாங்குவதைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று கடைக்காரர்கள் விசாரித்தார்கள். நான் அந்த நாட்களில் கொஞ்சம் தலை நிமிர்ந்துதான் நடந்தேன்.

ஐப்பசி மழையில் அது அறுந்தது. கடைவாசலில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே பட்டை பட்டென்று விட்டு, அடுக்கு சரிந்து, டைல்ஸ் பெட்டிகள் சிதறிப் போயின. நல்லவேளையாக யார் மேலும் விழவில்லை. மிஷினை நிறுவித் தந்த மெக்கானிக்கிற்குப் போன் போட்டோம். அவர் யோசிக்கவே இல்லை.

"மழைங்க்கா. சில்லுல ஈரம் நிக்குது. இன்னுங் கொஞ்ச நேரம் சேத்திக் காய வெய்யுங்க."

காய வைத்தோம். சில்லு மூட்டையை மழைச் சாரல் படாமல் உள்ளே தள்ளி அடுக்கினோம். தண்ணீர் ஒரு பொட்டு அதன் மேல் விழாமல் பார்த்துக்கொண்டோம். மழை விட்டால் சரியாகிவிடும் என்று இருந்தோம். மழையும் விட்டது, தையும் பிறந்தது. பட்டை முன்னைவிட மோசமாக அறுந்தது. உருளையில் சுற்றும்போதே சில நாள் வெடித்தது. பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது, அதே பச்சை, அதே பளபளப்பு. மடித்தால் மட்டும் முறியும். நன்றாக வந்த நாட்களும் இடையில் உண்டு, அதுதான் என்னைப் பைத்தியமாக அடித்தது.

டைல்ஸ் கடையில் இரண்டாம் முறையும் அடுக்கு சரிந்த அன்று கடைக்காரர் போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். பொறுமையாகப் பேசினார்.

"இதோ பாரும்மா. இங்க வாசல்ல அறுந்தா டைல்ஸ்தான் போச்சு. மலையில, வளைவுல அறுந்துச்சுன்னா பின்னாடி பைக்குல வர்றவன் கதி என்ன? இன்னொரு தடவை பாக்கறேன். அதுக்கும் மேல என்னால முடியாதும்மா."

நான் சரிங்கண்ணா என்று வைத்துவிட்டேன். அவர் நிறுத்தினால் மற்றவர்களும் நிறுத்துவார்கள். மிஷினை வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டும். தறியும் இல்லை, மிஷினும் இல்லை என்று வெறும் பட்டறையில் நான் நிற்பேன். அன்று சாயங்காலம் சோறு பொங்க மறந்துபோனேன். கணவர் எதுவும் கேட்காமல் கடையில் தோசை வாங்கி வந்தார்.

அப்போதுதான் கெங்கவல்லியில் என் நாத்தனார் வீட்டில் புதுவீடு புகுந்தார்கள். மாமா, மகள் வீட்டில் நான்கைந்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனார். அவர் போன மறுநாளிலிருந்து பட்டை நன்றாக வந்தது. கொஞ்சம் நன்றாக என்று இல்லை, முதல் கோடையில் வந்த மாதிரியே வந்தது. அவர் திரும்பினார், இரண்டாம் நாளே முறிய ஆரம்பித்தது.

என் கணவர் தாடையைச் சொறிந்துகொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஏ புள்ள, தப்பா எடுத்துக்காத. அப்பனோட ராசிக்கும் இதுக்கும் ஒத்துக்கலையோ என்னமோ."

"ராசியாவது மண்ணாவது. பெத்த அப்பனைச் சொல்றீங்களே, உங்களுக்கே நல்லா இருக்குதா?"

அவர் மேல் எரிந்து விழுந்தேன். எரிந்து விழுந்த கையோடு உட்கார்ந்து யோசித்தேன். அவருக்கு ராசி என்றால் எனக்கு அது கணக்கு. மாமா இருக்கும்போது பட்டறையில் நடப்பது எது? அவர் இல்லாதபோது நடக்காதது எது?

தண்ணீர் ஊற்றுவது.

நெசவு வீட்டில் பிறக்காதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பருத்தி நூலுக்கு ஈரம்தான் உயிர். பங்குனி, சித்திரை வெயிலில் காற்று காய்ந்துவிட்டால் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மொறமொறவென்று அறுந்துகொண்டே இருக்கும். அதற்காகக் காலையில் எழுந்ததும் தறிக்குக் கீழே தரையெல்லாம் தண்ணீர் ஊற்றுவார்கள். ஜன்னலில் சாக்கை நனைத்துத் தொங்க விடுவார்கள். நூல் அறுந்தால் இன்னும் ஊற்று என்பதுதான் எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித் தராத பாடம். மாமா அதை மழைக்காலத்துக்குப் பிறகு மறுபடியும் ஆரம்பித்திருந்தார். நாங்கள் பட்டறைக்கு வருவதற்கு முன்னமே தரையை நனைத்து, சாக்கைத் தொங்கவிட்டு, டீ குடிக்கப் போய்விடுவார். கரண்ட் பெட்டிப் பக்கம் ஊற்றாமல் பார்த்துக்கொள்வார், அதனால் கணவரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் தினமும் பார்த்தேன். மிஷின் அனலுக்கு அந்தக் குளிர்ச்சி இதமாக இருந்தது, மனசுக்குள் நன்றியும் சொல்லிக்கொண்டேன். தறிக்காரி கண்ணுக்கு ஈரத் தரை ஒரு விஷயமாகவே படாது.

ஆனாலும் ஒரு சந்தேகம். அந்தத் தண்ணீர் சில்லின் மேல் படவே இல்லையே! டிரையரிலிருந்து சுடச்சுட எடுத்து, வாயகன்ற தொட்டியில் கொட்டி, அதிலிருந்து அள்ளி அள்ளித்தான் மிஷினில் போடுவோம். நனைவதற்கு வழியே இல்லை. சரி, வாயால் வாதாடுவதைவிடச் செய்து பார்த்துவிடலாம் என்று, காய்ந்த சில்லை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பங்கை மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாக்களில் அடைத்தேன். இன்னொரு பங்கை வழக்கம் போலத் திறந்த தொட்டியில், ஈரச் சாக்குத் தொங்கும் ஜன்னல் பக்கம் வைத்தேன். மத்தியானத்துக்கு மேல் இரண்டையும் தனித்தனியாக ஓட்டினோம். டப்பாச் சில்லில் வந்த பட்டையை முடிச்சுப் போட்டு என் கணவர் காலால் மிதித்து இழுத்தார், அறவில்லை. தொட்டிச் சில்லில் வந்ததை நான் இரண்டு விரலால் மடித்தேன். டக் என்று முறிந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! பட்டறையிலேயே கை தட்டினேன். கணவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

மெக்கானிக் பிறகு விளக்கமாகச் சொன்னார், மீதியை நானே பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இந்தப் பாலியஸ்டர் காய்ந்ததும் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்ச ஆரம்பித்துவிடும். தொட்டுப் பார்த்தால் தெரியாது. ஈரம் மட்டும் இருந்தால் அதற்குச் சீக்கிரத்தில் ஒன்றும் ஆகாது, மழையில் நனைந்த பாட்டில் நனைந்த பாட்டில்தான். ஈரமில்லாத சூட்டையும் ஓரளவு தாங்கும். இரண்டும் ஜோடி சேர்ந்துவிட்டால்தான் வம்பு. பாலியஸ்டருக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் நீள நீளமாகக் கோத்துக் கிடப்பதை அந்த ஈரம் சூட்டில் நின்று துண்டு துண்டாக வெட்டிவிடும். சூடு ஏற ஏற வேலை சுருக்கில் முடியும். உருக்கும் மிஷினுக்குள் சில நிமிஷம் போதும். அதைவிடக் குறைந்த சூட்டில் மாதக் கணக்கில் மெதுவாக நடக்கும். பிற்பாடு எங்கள் தெருக்கோடியில் பாவுக்குக் கஞ்சி போடும் மில்லில், நீராவி உருளைகளுக்குப் பக்கத்தில் எங்கள் பட்டைத் துண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். கெட்ட பட்டை சீக்கிரமே தூளாயிற்று. நல்ல பட்டை வெகுநாள் நின்றது, ஆனால் அதுவும் மெல்ல மெல்ல முறியத்தான் தொடங்கியது. அதனால் இன்றைக்கும் அரிசி ஆலைக்காரர்கள் யாராவது பட்டை கேட்டால், பாய்லர் பக்கம் வைக்காதீர்கள் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். விற்கிறவள் இப்படிச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. என் சரக்கைப் பற்றி என்னைவிட அடுத்தவருக்கு அதிகம் தெரிந்திருக்கக் கூடாது என்பது என் கௌரவம்.

அதெல்லாம் பிறகு. அன்றைக்கு எங்கள் முன்னால் இருந்த பிரச்சினை வேறு. மாமாவிடம் யார் சொல்வது?

"நேராச் சொல்லிப்போடாத புள்ள," என்றார் கணவர். "மோட்டார் ரிப்பேருன்னு சொல்லிக்கலாம். தண்ணி வல்லேன்னா ஊத்த மாட்டாரு."

மறுநாள் பொழுது விடிந்ததும் இரண்டு பட்டைத் துண்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மாமா குடத்தோடு நின்றிருந்தார்.

"மாமா, இன்னைக்குத் தண்ணி ஊத்த வேண்டாங்க."

"ஏஞ்சாமி? மோட்டார் ரிப்பேரா?"

பொய்யை அவரே எடுத்து என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். எனக்கு மனசு வரவில்லை. அவரை ஏமாற்றி ஒரு மிஷினை ஓட்டுவதென்றால் அந்த மிஷின் எனக்கு எதற்கு?

"மோட்டார் நல்லாத்தான் இருக்குதுங்க மாமா. இந்தத் தண்ணிதான் பட்டையை அறுக்குது."

அவர் சிரித்தார். மிஷின் வந்த பிறகு அவர் பட்டறைக்குள் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "ஈரத்துல நூல் அறுகும்னு தறிக்காரங்கிட்டயே வந்து சொல்றயே அம்மிணி!" என்றவர், குளிர வைக்கும் தொட்டியைக் கை நீட்டிக் காட்டினார். "அங்க மட்டும் தொட்டி நெறையத் தண்ணி வெச்சு முக்கறீங்களே? அப்ப அறுகாதா?"

நல்ல கேள்வி. இவ்வளவு நாள் மிஷினைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர் என்று நான் நினைத்திருந்த மனிதர், அதன் ஒவ்வொரு அங்கத்தையும் பார்த்து வைத்திருந்தார்.

"அது உருகி, பட்டையா வெளிய வந்த பொறவுங்க மாமா. அப்ப தண்ணி மேலோட போயிரும். உருகறப்ப உள்ளாற ஈரம் இருந்தாத்தான் கெடுதி." எப்படிச் சொன்னால் அவருக்குப் புரியும் என்று தேடினேன். சட்டென்று கிடைத்தது. "நீள இழைப் பஞ்சு நல்ல நூல் குடுக்கும், குட்டை இழைப் பஞ்சு மக்கு நூல்தான் குடுக்கும்பீங்க இல்லீங்க? இதுக்குள்ளாறயும் இழை மாதிரிதானுங்க. ஈரத்தோட உருக்குனா நீள இழையெல்லாம் குட்டை இழையாப் போயிருது."

அவர் குடத்தைக் கீழே வைத்தார். என் கையிலிருந்த இரண்டு துண்டுகளையும் வாங்கினார். நல்லதை மடித்தார், நீட்டினார், மறுபடி மடித்தார். மற்றதை மடித்தார், முறிந்தது. முறிந்த முனையை நூல் பார்ப்பது போலக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார்.

"அப்ப நான் ஊத்துனதுதான் அறுத்துச்சா?"

"ஆமாங்க மாமா."

இரண்டு துண்டுகளையும் என் கையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு சொன்னார். "அறுந்துட்டே இருக்குதே, புள்ள மொகம் வாடிப் போச்சேன்னுதாஞ்சாமி, நான் இன்னும் ரெண்டு கொடம் சேத்தி ஊத்துனேன்."

பழக்கதோஷத்தில் ஊற்றுகிறார் என்றுதான் அந்த நிமிஷம் வரை நினைத்திருந்தேன். இவருக்கு மிஷின் ஆகாது என்று நானாக ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். அவரோ விடிவதற்குள் எழுந்து, முதுகு வலியோடு குடம் குடமாகச் சுமந்து, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் என் மிஷினைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார். அறுந்து அறுந்து போக ஊற்றியிருக்கிறார், ஊற்ற ஊற்ற அறுந்திருக்கிறது. இப்படி ஒரு மாமனார் வாய்த்தவள் என்று அன்றைக்கு எனக்கு வந்த பெருமை வேறு எதிலும் வந்ததில்லை. அழுகையும் வந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

அவர் ஜன்னலில் தொங்கிய சாக்குகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து வெளியே வெயிலில் போட்டார். துடைப்பத்தை எடுத்துத் தரையில் நின்ற தண்ணீரை வாசல் வரை தள்ளினார். அன்றிலிருந்து பட்டறைக்குள் ஈரத்துக்கு ஜென்ம எதிரி அவர்தான். சில்லுக்கு மூடி போட்ட டிரம் வாங்கினோம், அதன் மூடியை யாராவது திறந்து வைத்துவிட்டால் சத்தம் போடுவார். ஒரு வெள்ளிக்கிழமை நான் தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு உள்ளே போனேன்.

"அக்கட்டால போய் தலைய ஆத்திப்போட்டு வா. இங்க சில்லு காயுது," என்றார். என் பட்டறையிலிருந்து என்னையே துரத்தினார்.

வெறும் பத்து நாளில் புதுப் பட்டை உருளைகள் சேர்ந்தன. டைல்ஸ் கடைக்காரருக்குப் போன் செய்து, இனி அறுந்து போகாதுங்கண்ணா, காரணம் தெரிந்துவிட்டது என்றேன். அவர் குரலில் சுரத்தே இல்லை. "சனிக்கிழமை கொண்டாந்து போடும்மா, பாக்கலாம். நான் வேற எடத்துலயும் சொல்லி வெச்சிருக்கறேன்" என்றார். போனை வைத்த பிறகு அதை அப்படியே வீட்டில் சொன்னேன். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

சனிக்கிழமை நானும் கணவரும் வண்டி வைத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை காலையிலேயே மாமாவைக் காணோம். டீக்கடையில் இல்லை. படித்துறையில் இல்லை. பட்டறைக்கு வந்து பார்த்தால், அடுக்கி வைத்த உருளைகளில் சின்னதாக ஒன்று குறைந்தது. தெருமுனைக் கடைக்காரர்தான் சொன்னார், வேட்டியில் எதையோ மூட்டை கட்டித் தோளில் வைத்துக்கொண்டு சேலம் பஸ்ஸில் ஏறினார் என்று. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். கணவர் பைக் சாவியைத் தேடினார், நான் அவரைத் திட்டினேன். திட்டுவதற்கு வேறு ஆள் இல்லை.

உச்சி வெயில் நேரத்தில் டைல்ஸ் கடைக்காரரிடமிருந்து போன் வந்தது.

"ஏம்மா, உங்க மாமனாரு இங்க வந்திருக்காரு."

"நல்லா இருக்காருங்களா?"

"அவருக்கென்ன, நல்லாத்தான் இருக்காரு. எங்களைத்தான் பாடாப் படுத்தறாரு." பின்னால் பலர் பேசும் சத்தம் கேட்டது. "வந்தவரு தண்ணி கூடக் குடிக்கல. எம் மருமக மேல ஒரு தப்பும் இல்லீங்க, மிஷின் மேலயும் இல்லீங்க, நாந்தான் தண்ணி ஊத்திக் கெடுத்தேன், என்னைச் சொல்லுங்கன்னாரு. கடை ஆளுங்க அத்தனை பேரு முன்னாடியும் சொன்னாரும்மா. நான் பரவால்லைங்க பெரியவரேங்கறேன், விட்டாத்தானே? கொண்டாந்த பட்டையில ஒரு அடுக்கைக் கட்டச் சொல்லி, செயின்ல தூக்கச் சொல்லி, சாய்ச்சும் புடிக்கச் சொன்னாரு. தூக்குனதும், அறுந்தா என்ற மேல உழட்டும்னு அதை ஒட்டிப் போய் நின்னுட்டாரு. இழுத்தா வரமாட்டேங்கறாரு."

"கட்டு?"

"கட்டு கல்லு மாதிரி நிக்குது. நாளைக்குச் சரக்கு முழுசும் அனுப்பும்மா, வேற எடத்துல சொன்னதை நிறுத்திக்கறேன். ஆனா மொதல்ல இவருகிட்டப் பேசு."

போன் கை மாறியது. நான் கத்தினேன்.

"மாமா, மொதல்ல அக்கட்டால வாங்க! அவர்தான் சரின்னுட்டாரு இல்லீங்க?"

"இரு சாமி," என்றார் மாமா. "மத்தக் கடைக்காரங்க இன்னும் ரெண்டு பேரு வந்து பாக்கோணும்."